கூட்டறிக்கையில் பெயர் சேர்ப்பதற்கு முன்: கேள்வி பதில்

மனித உரிமை அமைப்புகள் கூட்டாகப் பரப்புரை செய்யும்போது, நடுவில் உட்கார்ந்து எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பும் ஒருங்கிணைப்பாளர் வேலையைப் பதினெட்டு ஆண்டுகள் செய்திருக்கிறேன். கேளுங்கள். நிதி யார் தருவார்கள் என்று மட்டும் கேட்க வேண்டாம்.

நெய்தல்: குறைந்தது எத்தனை அமைப்புகள் வேண்டும்?

கண்ணிவெடித் தடைக்கான சர்வதேச இயக்கத்தை 1992-ல் தொடங்கியவை ஆறே அமைப்புகள். 1997 டிசம்பரில் ஒட்டாவாவில் 122 நாடுகள் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த ஆறும் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. ஊனமுற்றவர்களோடு வேலை செய்தவர்கள், வெடிகளைத் தோண்டி எடுத்தவர்கள், மருத்துவர்கள், போர் முடிந்து திரும்பிய வீரர்கள் என்று பல தரப்பும் இருந்தன. ஆனால் கோரிக்கை ஒரு வரிதான்: முழுத் தடை. உங்கள் கோரிக்கை ஒரு வரியில் அடங்காவிட்டால் அறுபது அமைப்புகள் சேர்ந்தாலும் பயனில்லை.

கடலோடி: ஒரு கூட்டறிக்கையில் எங்கள் பெயரைக் கேட்கிறார்கள் ஐயா. நாளைக்குள் சொல்ல வேண்டுமாம். நாங்கள் நான்கு பேர் கொண்ட அமைப்பு.

ஐயா இல்லை, அம்மா. பரவாயில்லை.

இதற்கு நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் நானே தவறியிருக்கிறேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் செய்தியாளர் சந்திப்பு. இரவு பதினொரு மணிக்கு அறிக்கையின் அடியில் முப்பத்து நான்கு சின்னங்களை வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்று, நாங்கள் கண்டித்த அரசின் கீழேயே வாழும் ஒரு சிறிய அமைப்பினுடையது. வரைவு வாசிக்கப்பட்ட கூட்டத்தில் அவர்கள் தலையாட்டியிருந்தார்கள். அதன் பிறகு பெரிய அமைப்பொன்று நான்காவது பத்தியில் 'அரசின் உடந்தையோடு' என்று இரண்டு சொற்களைச் சேர்த்தது. திருத்திய வரைவை எல்லோருக்கும் அனுப்பினேன். அந்தச் சிறிய அமைப்பிடமிருந்து பதில் வரவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

விடியற்காலை ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. பெயரை நீக்கினேன். ஆனால் அறிக்கை முந்தைய இரவே நிருபர்களுக்குப் போயிருந்தது. அந்தச் சிறிய அமைப்பைச் சேர்ந்த ஒருவர் இரண்டு வாரம் தன் வீட்டில் படுக்கவில்லை. அந்த இரண்டு சொற்களைச் சேர்த்தவர் வேறொரு கண்டத்தில் நிம்மதியாகத் தூங்கினார்.

மௌனம் சம்மதம் என்பது கல்யாண வீட்டுக்குப் பொருந்தலாம், கூட்டறிக்கைக்கு ஆகாது. இறுதி வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள். அதன் பிறகு ஒரு சொல் மாறினாலும் மறுபடி கேட்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். பெயர் இல்லாமல் பின்னிருந்து உதவுவதும் உறுப்பினராக இருப்பதுதான். அதற்கு வெட்கப்பட வேண்டாம்.

பனித்துளி: எங்கள் சின்னத்தைக் கடைசியில் போட்டுவிட்டார்கள்.

அகர வரிசையைக் கேளுங்கள்.

செம்பருத்தி: பதில் அனுப்பாதவர்களை ஒப்புக்கொண்டதாகக் கருதலாமா?

கடலோடிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மின்மினி: கூட்டமைப்பைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டுமா?

பணம் கையாளப் போகிறீர்கள் என்றால் வேண்டும். கடிதமும் ஊர்வலமும் மட்டும்தான் என்றால் வேண்டாம். தேர்தல் காலமானால் உங்கள் நாட்டு வழக்கறிஞரைக் கேளுங்கள். பிரிட்டனில் தேர்தல் காலக் கூட்டுப் பரப்புரைக்கு ஆகும் மொத்தச் செலவும் பொதுவாக ஒவ்வோர் அமைப்பின் தேர்தல் செலவுக் கணக்கிலும் ஏறும்.

தராசு: ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் புகழும் கண்ணிவெடி இயக்கமே பதிவு இல்லாமல்தான் நோபல் பரிசு வாங்கியது. தலைவர், பொருளாளர், விதிமுறை என்று உட்கார்ந்தால் ஓராண்டு போய்விடும்.

வாங்கியது உண்மைதான். 1997-ல் பரிசு அந்த இயக்கத்துக்கும் அதன் ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸுக்கும் சேர்த்துத் தரப்பட்டது. தன் பங்குப் பணத்தைப் பெற்றுக்கொள்ள இயக்கத்துக்குச் சட்ட உருவம் இல்லை. தோழர்களுக்குள் மனக்கசப்பு வந்ததுதான் மிச்சம்.

தராசு: ஒப்பந்தம் வந்துவிட்டதே அம்மா! பரிசுப் பணத்துக்காகவா இயக்கம் நடத்தினார்கள்?

இல்லைதான். வேகத்துக்குப் பதிவின்மை உதவியது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அதைத் தொடங்கிய அமைப்புகள் தங்கள் ஊழியர்களுக்குத் தாங்களே சம்பளம் கொடுக்கும் வசதியில் இருந்தன. நான்கு பேர் அமைப்புகள் மட்டும் சேரும் இடத்தில் அது நடக்காது.

மின்மினி: நடுவே நுழைகிறேன். ஓர் உறுப்பு அமைப்பின் கணக்கில் பணத்தை வைத்தால் போதாதா?

பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. அப்போது ஒருங்கிணைப்பாளர் அந்த அமைப்பின் ஊழியராகிவிடுவார். அதன் நிர்வாகக் குழு நினைத்தால் கணக்கை முடக்கலாம். எனக்குச் சம்பளம் கொடுத்த அமைப்பும் கூட்டமைப்பும் முரண்பட்ட ஒரு மாதம், நான் யாருடைய ஆள் என்று எனக்கே தெரியவில்லை. காலையில் ஒரு கடிதத்தை எழுதி மாலையில் அதற்கு எதிர்க்கடிதம் எழுதினேன். யார் வெளியேறினால் பணம் யாருக்கு என்று முதல் நாளே ஒரு பக்கம் எழுதி வையுங்கள். தராசு, இதற்கு ஓராண்டு ஆகாது, ஒரு மாலை போதும்.

தராசு: ஒரு பக்கம் என்றால் சரி.

அப்பாடா.

வெண்ணிலா: நிதி எங்கே கிடைக்கும்?

அடுத்த கேள்வி.

குயில்: கூட்டமைப்பை எப்போது கலைப்பது?

தொடங்கும்போதே தேதி குறித்துவிடுங்கள். ஏழை நாடுகளின் கடன் தள்ளுபடி கேட்ட ஜூபிலி 2000 இயக்கத்துக்குப் பெயரிலேயே ஆண்டு இருந்தது. 1998 மே மாதம் பிரிட்டனின் பர்மிங்ஹாமில் எட்டுப் பெரிய நாடுகளின் ஜி8 மாநாடு நடந்தபோது சுமார் 70,000 பேர் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். கெடு தெரிந்தால் ஆட்கள் வருவார்கள்.

முல்லை: பதில் வராவிட்டால் சம்மதம்தானே?

இல்லை. இல்லை. இல்லை.

கடலோடி: அம்மா, இறுதி வடிவத்தைக் கேட்டேன். அறிக்கை இன்னும் தயாராகவில்லையாம், பெயரை மட்டும் இப்போதே கொடுக்கச் சொல்கிறார்கள்.

பெயரும் இன்னும் தயாராகவில்லை என்று பதில் போடுங்கள்.