சித்திரையில் பட்டுக்கூடு ஏன் சிறுக்கிறது?

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் வெண்பட்டு (வெள்ளைக் கூடு கட்டும் பட்டுப்புழு) வளர்க்கிறேன். தை மாதம் 100 முட்டைத்தொகுதிக்கு (ஒரு தாய்ப்பூச்சி இடும் முட்டைகள் ஒரு தொகுதி) 80 கிலோ கூடு எடுத்தேன். அதே புழு வளர்ப்பு மனையில் சித்திரையில் 56 கிலோதான். நோய் பெரிதாக இல்லை. புழு இரண்டு நாள் முன்னாடியே பழுத்து, கூடு கட்டத் தயாராகிவிட்டது. பகலில் அடுக்கின் ஓரத்துக்கு ஊர்ந்து வந்தது. முட்டையில் கோளாறா?

பதில்: வணக்கம் ஐயா. முட்டையைச் சந்தேகப்பட வேண்டாம். அந்த இரண்டு நாளில்தான் உங்கள் கூடு போயிருக்கிறது.

நம் உடம்புச் சூடு வெயிலிலும் பனியிலும் மாறாது. புழுவுக்கு அப்படியில்லை, மனையின் சூடுதான் அதன் உடம்புச் சூடு. சூடு ஏறினால் அதன் வயது வேகமாக ஓடும், உடம்பு அந்த வேகத்துக்குப் பெருக்காது. பெரும்பாலான பூச்சிகளுக்கும் இதுதான் கதை: வெப்பத்தில் சீக்கிரம் முதிரும், சிறுத்து முதிரும். பட்டுப்புழுவிடம் இந்த இழப்பு பெரிது. வாழ்நாளில் தின்னும் இலையில் 80 சதவீதத்துக்கு மேல் கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்தில்தான் தின்கிறது, பட்டுச் சுரப்பி பருப்பதும் அப்போதுதான். ஏழு, எட்டு நாள் தின்ன வேண்டிய புழு ஐந்து, ஆறு நாளில் பழுத்தால், நூலுக்கான சரக்கு உடம்பில் சேராது.

ஓரத்துக்கு ஊர்ந்ததற்கு இலைதான் காரணமாக இருக்கும். புழுவுக்குத் தண்ணீர் இலையிலிருந்து மட்டுமே கிடைக்கிறது. வெயில் நேரத்தில் போட்ட மல்பெரித் தண்டு ஒரு மணி நேரத்தில் வாடத் தொடங்கிவிடும்; வாடிய இலையை விட்டுப் புழு நகரும். மார்கழியில் 20 டிகிரிக்குக் கீழே போனால் அசையாமல் கிடக்கும், இலையைத் தொடாது, நாளும் இழுக்கும்.

இளம்புழுவுக்கு 26 முதல் 28 டிகிரி நல்லது. மூத்த புழுவுக்கு 24, 25 டிகிரி போதும். குளிர்ந்த சாக்கி அறையிலிருந்து (இளம்புழு வளர்க்கும் இடம்) புழுவை வாங்கி வந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே விடுகிறோம் என்றால், குளுமை அதிகம் தேவைப்படும் வயதில் அதைச் சூட்டில் தள்ளுகிறோம். வெப்பமானியைச் சுவரில் மாட்டாமல் புழு இருக்கும் உயரத்தில் தொங்கவிடுங்கள். மேல் அடுக்கு எப்போதும் கூடுதல் சூடு.

கூரைமேல் தென்னங்கீற்று பரப்பி, காலை பத்து மணியிலிருந்தே தண்ணீர் தெளியுங்கள். ஜன்னலில் ஈரச் சாக்கு கட்டலாம், ஆனால் காற்றை அடைத்துவிடாதீர்கள். சாக்கைக் கட்டிக் கதவையும் மூடி, சூடும் ஈரமும் சேர்ந்து, புழு அழுகிச் சாகும் நோயில் மொத்தப் புழுவையும் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறாது. மூத்த புழுவுக்கு ஈரத்தைவிடக் காற்றோட்டம் முக்கியம்.

தண்டை விடியற்காலையிலோ சாயங்காலமோ வெட்டி ஈரத்துணி போர்த்தி வையுங்கள். இரவு வேளைக்கு இலையை அதிகப்படுத்துங்கள், மனை குளிர்ந்த நேரத்தில் புழு நன்றாகத் தின்னும். படுக்கையில் புழுவை நெருக்கமாக விடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் மதியம் 30 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை என்றால், பங்குனி, சித்திரைக்கு மட்டும் வெண்பட்டை விட்டு, வெப்பம் தாங்கும், மஞ்சள் கூடு கட்டும் கலப்பினப் புழுவுக்கு மாறுங்கள். விலை குறைவுதான். வெண்பட்டைத் திரும்ப ஆடியில், காற்று வந்த பிறகு எடுங்கள்.