386 பேரா, 358 பேரா? ஒரு காலாட்படை ரெஜிமெண்டின் போர்க்கால வரலாற்றை எழுதுவோருக்கு

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒன்றியத்தின் (வட மாநிலங்களின்) தரப்பில் போரிட்ட 20ஆவது மேய்ன் தன்னார்வக் காலாட்படை ரெஜிமெண்டைப் பற்றித் தமிழில் நீண்ட கட்டுரை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். படிக்குமிடமெல்லாம் எண்கள் முரண்படுகின்றன. ரெஜிமெண்ட் என்றால் 1000 பேர் என்கிறார்கள். கெட்டிஸ்பர்க் போரில் 386 பேர் என்று ஓரிடத்திலும் 358 பேர் என்று மற்றோரிடத்திலும் இருக்கிறது. இழப்பும் 125, 131, 136 என்று மாறுகிறது. எதை நம்பி எழுதுவது? கெட்டிஸ்பர்க் தவிர மற்றவற்றை எப்படித் தேடுவது?

பதில்: நீங்கள் குறிப்பிட்டிருக்கும் எண்களில் எதையும் பிழையென்று ஒதுக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட தேவைக்காக, வெவ்வேறு ஆட்கள் எண்ணி எழுதியது. எனவே ஓர் எண்ணைக் கட்டுரையில் சேர்க்கும் முன், அதை எண்ணியவர் யார், எப்போது எண்ணினார், யாரையெல்லாம் அதில் சேர்த்துக்கொண்டார் என்ற மூன்றையும் கேட்டுப் பழகுங்கள். ரெஜிமெண்ட் வரலாறு எழுதுவதில் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

1000 என்பது காகிதத்தில் உள்ள கணக்கு. ஒன்றியத் தரப்பின் தன்னார்வக் காலாட்படை ரெஜிமெண்ட் ஒன்றில், ‘ஏ’ முதல் ‘கே’ வரை ‘ஜே’யை விட்டுவிட்டுப் பத்துக் கம்பெனிகள், கம்பெனிக்கு ஏறத்தாழ நூறு பேர். 1862 ஜூலையில் லிங்கன் மூன்று லட்சம் தன்னார்வலர்களைக் கோரியதைத் தொடர்ந்து திரட்டப்பட்ட 20ஆவது மேய்ன், அவ்வாண்டு ஆகஸ்ட் 29 அன்று போர்ட்லாண்டில் மூன்றாண்டுப் பணிக்குப் பதிவானபோது ஏறத்தாழ அந்த அளவில்தான் இருந்தது. பத்தே மாதங்களில் அது 386 ஆகக் குறைந்ததற்குக் குண்டுகள் மட்டும் காரணமல்ல. நோயுற்று மருத்துவமனைகளில் கிடந்தவர்கள், உடல் தகுதியிழந்து விடுவிக்கப்பட்டவர்கள், வண்டியோட்டவும் மருத்துவப் பணிக்கும் வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள், தப்பியோடியவர்கள் ஆகிய அனைவரும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள். அக்காலத்தில் பெரும்பாலான மாநிலங்கள் பழைய ரெஜிமெண்டுகளுக்குப் புதிய ஆட்களை நிரப்புவதைவிடப் புதிய ரெஜிமெண்டுகளை எழுப்புவதிலேயே ஆர்வம் காட்டின. புதிய ரெஜிமெண்ட் என்றால் புதிய அதிகாரிப் பதவிகளும் கிடைத்தன. விஸ்கான்சின் போன்ற சில மாநிலங்களே பழைய படைகளைத் தொடர்ந்து நிரப்பிவந்தன. ஆகவே 1863இல் ஒரு ரெஜிமெண்ட் 350 பேருடன் களத்தில் நின்றது என்றால், அது சிதைந்துபோன படை என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஆண்டில் அது வழக்கமான அளவுதான்.

இனி கெட்டிஸ்பர்க். 1863 ஜூலை 2 அன்று லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில், ஸ்ட்ராங் வின்சென்ட் தலைமையிலான பிரிகேடின் (பல ரெஜிமெண்டுகள் சேர்ந்த படைப்பிரிவின்) இடது ஓரத்தில், அதாவது ஒன்றியப் படை வரிசை முழுவதற்குமே இடது முனையில், இந்த ரெஜிமெண்ட் நிறுத்தப்பட்டது. தளபதி கர்னல் ஜோஷுவா சேம்பர்லெய்ன். போருக்குச் சில நாள்களுக்குப் பின் அவர் பெயரில் அமைந்த அறிக்கை, தாம் மொத்தம் 386 பேருடனும் 358 துப்பாக்கிகளுடனும் களம் புகுந்ததாகச் சொல்கிறது. முதல் எண் அதிகாரிகளையும் சேர்த்த ஆள்கணக்கு. இரண்டாவது, துப்பாக்கி ஏந்தி வரிசையில் நிற்கக் கூடியவர்களின் கணக்கு. இரண்டும் ஒரே அறிக்கையின் ஒரே வரியில் உள்ளவை. பின்னாளில் எழுதியவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டதால்தான் அவை முரண்படுவதுபோல் தெரிகின்றன. ‘பி’ கம்பெனி, கேப்டன் வால்டர் மோரில் தலைமையில் முன்னே இடப்புறமாக அனுப்பப்பட்டு, ஒரு கற்சுவரின் பின்னால் தனித்து நின்றது என்பதையும் மறக்க வேண்டாம். பாறைச் சரிவில் நின்ற வரிசையைப் பற்றி எழுதும்போது அவர்களைக் கழித்தே எண்ண வேண்டும்.

அன்றே அதே களத்தில் போரிட்ட 1ஆவது மினசோட்டா ரெஜிமெண்டின் புகழ்பெற்ற கணக்கிலும் இந்தச் சிக்கல் உண்டு. 262 பேர் பாய்ந்தனர், 215 பேர் வீழ்ந்தனர் என்று மரபாகச் சொல்லப்படுகிறது. அந்த 262 என்பது பாய்ச்சலில் கலந்துகொண்ட எட்டுக் கம்பெனிகளின் கணக்கு மட்டுமே. ‘சி’, ‘எஃப்’ கம்பெனிகள் அப்போது வேறு பணியில் இருந்தன.

இழப்புக் கணக்குக்கு வருவோம். சேம்பர்லெய்னின் அறிக்கை, தமக்குத் தெரிந்தவரை இழப்பு 136 என்றும் அவர்களில் 30 பேர் இறந்தனர் என்றும் சொல்லி, காயம்பட்டவர்களுள் பலர் பிழைக்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. படைத் தலைமையகம் தொகுத்த இழப்புப் பட்டியலில் இறந்தோர் 29, காயமுற்றோர் 91, காணாமற்போனோர் 5, ஆக 125. உயிர் பிழைத்த வீரர்கள் 1886இல் அந்தக் குன்றில் நிறுவிய நினைவுக்கல், போரிட்டோர் 358, இறந்தோரும் காயத்தால் பின்னர் இறந்தோரும் 38, காயமுற்றோர் 93 என்கிறது, கூட்டினால் 131. மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 30 என்பது 38 ஆனது எவரும் மிகைப்படுத்தியதால் அல்ல; கள மருத்துவமனைகளில் நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் கிடந்து இறந்தவர்களைக் கல் சேர்த்துக்கொண்டது. காணாமற்போனோர் என்ற பிரிவு, இருபதாண்டுகளுக்கும் மேல் கழித்துச் செதுக்கப்பட்ட கல்லுக்குத் தேவைப்படவில்லை. உங்கள் கட்டுரைக்கு நான் பரிந்துரைப்பது இது: அன்றைய இழப்பைச் சொல்லும் இடத்தில் 125 என்ற பட்டியலைப் பயன்படுத்துங்கள், அந்தப் போரால் இறந்தோர் என்று சொல்லும் இடத்தில் 38ஐப் பயன்படுத்துங்கள். எந்த ஆவணத்தின் எண் என்பதை அந்த வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கைதிகள் எண்ணிக்கையில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. அறிக்கை 400 என்கிறது. நினைவுக்கல் 308 என்கிறது. எதிரே நின்ற 15ஆவது அலபாமா ரெஜிமெண்டின் தளபதி வில்லியம் ஓட்ஸ் தம் படை அவ்வளவு பேரை இழக்கவேயில்லை என்று பிற்காலத்தில் மறுத்தார். வெற்றி பெற்றவர் தம் இழப்பை எண்ணும்போது கையில் பெயர்ப்பட்டியல் இருக்கும். எதிரியின் இழப்பை எண்ணும்போது அது இருக்காது. ஆகவே எந்த ரெஜிமெண்டாக இருந்தாலும், தன் ஆட்களைப் பற்றி அது சொல்வதற்கு ஒரு மதிப்பும் எதிரியின் ஆட்களைப் பற்றிச் சொல்வதற்கு அதைவிடக் குறைந்த மதிப்பும் தர வேண்டும். எதிரியின் எண்களை எதிரியின் ஆவணங்களிலிருந்தே எடுங்கள்.

துப்பாக்கிமுனை ஈட்டிகளுடன் சரிவில் பாய்ந்த அந்தப் புகழ்பெற்ற கணத்தைப் பற்றியும் சாட்சிகள் ஒன்றுபடவில்லை. ஆளுக்கு 60 தோட்டாக்கள் இருந்ததும், அவை ஏறத்தாழ தீர்ந்துவிட்டதும் ஐயத்துக்கு இடமில்லாதவை. சேம்பர்லெய்ன் தாம் ஈட்டியைப் பூட்டுமாறு ஆணையிட்டதாகவும் அந்தச் சொல்லே போதுமானதாக இருந்ததாகவும் எழுதினார். ரெஜிமெண்டின் ஒரு பக்கத்தை நடத்திய எல்லிஸ் ஸ்பியர், தாம் அத்தகைய ஆணை எதையும் கேட்கவில்லை என்றார். முன்னால் கிடந்த காயம்பட்டவர்களை மீட்க முன்னேற விரும்பிய லெஃப்டினன்ட் ஹோல்மன் மெல்ச்சருக்கும் அந்தப் பாய்ச்சலில் பங்குண்டு என்று வேறு சிலர் கருதினர். ஓட்ஸோ, தாம் ஏற்கெனவே பின்வாங்கும்படி ஆணையிட்டிருந்ததாகச் சொன்னார். புகையும் இரைச்சலும் நிறைந்த காட்டுச் சரிவில் வளைந்து நின்ற ஒரு வரிசையின் இரு முனைகளில் இருந்தவர்கள் ஒரே நிகழ்வைக் கண்டிருக்க முடியாது. நீங்கள் நடுவராக வேண்டியதில்லை. யார் எங்கே நின்று, எத்தனை ஆண்டு கழித்துச் சொன்னார் என்பதைப் பதிவு செய்தால் போதும். அதிலிருந்தே வாசகருக்கு அந்தச் சரிவு புலப்படும்.

கெட்டிஸ்பர்க்குக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறத்தாழ எல்லாமே அங்கேதான் இருக்கிறது. இந்த ரெஜிமெண்டின் போர்ப் பட்டியலில் ஆன்டீடம், ஷெப்பர்ட்ஸ்டவுன், ஃபிரடெரிக்ஸ்பர்க், சான்சலர்ஸ்வில், வில்டர்னஸ், ஸ்பாட்சில்வேனியா, பீட்டர்ஸ்பர்க், ஃபைவ் ஃபோர்க்ஸ் என்ற பெயர்கள் வரிசையாக வரும். பெயர் இருப்பதாலேயே அங்கே கடும்போர் புரிந்ததாக எழுதிவிடக் கூடாது. ஆன்டீடத்தில் இது சேமப்படையாகவே நின்றது. முதல் முறையாகக் குண்டுகளை எதிர்கொண்டது மூன்று நாள் கழித்து ஷெப்பர்ட்ஸ்டவுன் ஆற்றுத்துறையில். 1863 மே மாதத் தொடக்கத்தில் சான்சலர்ஸ்வில் போர் நடந்தபோதோ, தடுப்பூசிக்குப் பயன்படுத்திய கெட்ட மருந்தால் பெரியம்மை பரவியதால் ரெஜிமெண்ட் தனிமைப்படுத்தப்பட்டு, தந்திக் கம்பியைக் காக்கும் பணிக்கு அனுப்பப்பட்டிருந்தது. இதற்கு மாறாக, 1862 டிசம்பர் 13 அன்று ஃபிரடெரிக்ஸ்பர்க்கில் மேரிஸ் குன்றை நோக்கி முன்னேறி, அந்தக் குளிர் இரவை இறந்தவர்களுக்கு நடுவே திறந்த வெளியில் கழித்தது. அதற்குத் தனிப் பகுதியே நீங்கள் ஒதுக்கலாம்.

நோயை ஒரு வரியில் கடந்துவிடாதீர்கள் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். மூன்றாண்டுப் பணியில் இந்த ரெஜிமெண்ட் போரில் இழந்தவர்கள் 9 அதிகாரிகளும் 138 வீரர்களும், நோயால் இழந்தவர்கள் 1 அதிகாரியும் 145 வீரர்களும், மொத்தம் 293. போரும் நோயும் ஏறத்தாழ சமமாகக் கொன்றிருக்கின்றன. ஒன்றியப் படை முழுவதையும் எடுத்துக்கொண்டால், போரில் ஒருவர் இறந்த இடத்தில் நோயால் இருவர் இறந்தனர். அதாவது 20ஆவது மேய்ன் சராசரியைவிட அதிகமாகப் போரில் இரத்தம் சிந்திய படை. அப்படியிருந்தும் அதன் இறப்புகளில் பாதி கூடாரங்களிலும் மருத்துவமனைகளிலும் நேர்ந்தவை. டைஃபாய்டும் வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் கொன்றவர்களுக்குத் தனி நினைவுக்கல் கிடையாது. அவர்களுடைய பெயர்களை எழுதக் கூடியவர் உங்களைப் போன்ற ஒருவர்தான். நிர்வாக ஆவணங்களில் அவர்கள் ஒவ்வொருவருக்கும் நாளும் இடமும் குறிக்கப்பட்டிருக்கின்றன.

அந்த ஆவணங்களை எப்படி அணுகுவது? போர் அறிக்கைகளும் இழப்புப் பட்டியல்களும் 1880 முதல் 1901 வரை அமெரிக்க அரசு 128 நூல்களாக வெளியிட்ட அதிகாரபூர்வப் போர் ஆவணத் தொகுப்பில் உள்ளன. கெட்டிஸ்பர்க்குக்கு முதல் தொடரின் 27ஆம் தொகுதியைப் பாருங்கள். முழுத் தொகுப்பும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தனி மனிதர்களைத் தேடுவதற்கு மேய்ன் மாநிலத்தின் அட்ஜுடன்ட் ஜெனரல் (மாநிலப் படை நிர்வாகத்தின் தலைமை அதிகாரி) வெளியிட்ட ஆண்டறிக்கைகள் உதவும். வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒவ்வொரு வீரரின் பணிப் பதிவும், இரு மாதங்களுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட ஆள்கணக்குப் பட்டியல்களும், ஓய்வூதியக் கோப்புகளும் இருக்கின்றன. இவற்றில் ஓய்வூதியக் கோப்புகளையே நான் மிக அதிகமாக மதிக்கிறேன். கணவனை இழந்த பெண் தன் திருமணத்தையும் அவன் இறந்த விதத்தையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்ததால், உடனிருந்த வீரர்களின் வாக்குமூலங்கள் அவற்றில் சேர்ந்தன. எந்தப் போர் அறிக்கையிலும் காண முடியாத விவரங்கள் அங்கே கிடைக்கும்.

தளபதியின் வாழ்க்கையையும் ரெஜிமெண்டின் வாழ்க்கையையும் பிரித்து வைப்பதில் பலர் தடுமாறுகிறார்கள். இந்தப் படைக்கு முதலில் பயிற்சியளித்து உருவாக்கியவர் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்த கர்னல் அடெல்பர்ட் ஏம்ஸ். பவ்டன் கல்லூரியின் பேராசிரியராக இருந்த சேம்பர்லெய்ன் அப்போது அவருக்கு அடுத்த நிலையில் இருந்தார். 1863 மே மாதத்தில் ஏம்ஸ் பதவி உயர்வு பெற்ற பிறகே தலைமை சேம்பர்லெய்னிடம் வந்தது. 1864 ஜூன் 18 அன்று பீட்டர்ஸ்பர்க்கில் அவர் கடுமையாகக் காயமுற்றபோது, வேறொரு பிரிகேடை நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் காயத்தை 20ஆவது மேய்னின் வரலாற்றில் எழுதினால் அது இடம்மாறிய செய்தியாகிவிடும். அவர் இல்லாத காலத்தில் ரெஜிமெண்டை நடத்திய ஸ்பியரும் மோரிலும் உங்கள் கட்டுரையில் இடம்பெற வேண்டியவர்கள்.

கடைசியாக, ரெஜிமெண்டின் வீரர்கள் என்று யாரைக் கணக்கில் கொள்வது என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். 1863 மே மாதத்தில் 2ஆவது மேய்ன் ரெஜிமெண்ட் வீடு திரும்பியபோது, மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்த ஏறத்தாழ 120 பேர் தங்களையும் விடுவிக்கக் கோரிக் கலகம் செய்து, காவலில் 20ஆவது மேய்னுக்குக் கொண்டுவரப்பட்டனர். லிட்டில் ரவுண்ட் டாப்பில் கொடியைத் தாங்கி நின்று பின்னாளில் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் பெற்ற சார்ஜன்ட் ஆண்ட்ரூ டோசியர் அந்தப் பழைய ரெஜிமெண்டிலிருந்து வந்தவர். 1865 ஜூனில் 16ஆவது மேய்ன் கலைக்கப்பட்டபோது அதில் பணிக்காலம் முடியாதவர்களும் இங்கே சேர்க்கப்பட்டனர். அவர்கள் போர்ட்லாண்டில் 1862இல் பதிவானவர்களுமல்லர், கெட்டிஸ்பர்க்கில் இந்தக் கொடியின் கீழ் நின்றவர்களுமல்லர். இவ்வாறு வந்து சேர்ந்தவர்களையெல்லாம் கூட்டித்தான் மொத்தப் பதிவு 1600ஐத் தாண்டுகிறது. பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தயாரித்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சேர்ந்த நாளையும் நீங்கிய நாளையும் குறித்துக்கொண்டு, அதன் பிறகு முதல் பத்தியை எழுதுங்கள்.