ஐரோப்பாவின் பழைய நகரத்தைச் சுற்றிப் பார்க்க வழிகாட்டி தேவையா? கூகுள் மேப் போதாதா?

செக் நாட்டின் தலைநகரான பிராக் நகரத்துக்குப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் தேவை என்பேன். வழி கண்டுபிடிக்க மேப் போதும். ஆனால் அந்த ஊரில் பார்க்க வேண்டியவற்றில் பாதி காலடியில் கிடக்கிறது. நிறுத்திக் காட்ட ஓர் ஆள் இல்லாவிட்டால் மிதித்துக்கொண்டே போய்விடுவோம்.

பழைய நகரச் சதுக்கத்தில் 1410-ல் அமைத்த வானியல் கடிகாரம் இருக்கிறது. மணிக்கொரு முறை எலும்புக்கூடு பொம்மை மணியடிக்க, இயேசுவின் சீடர்கள் ஜன்னலில் வந்து போவார்கள். கூட்டம் மொத்தமும் அண்ணாந்து போனைத் தூக்கிப் பிடித்திருக்கும். எங்கள் வழிகாட்டி, அந்த ஊர்ப் பெண்மணி, எங்களை அங்கிருந்து சில அடி தள்ளிக் கூட்டிப்போய் "கீழே பாருங்கள்" என்றார். கருங்கல் தரையில் வெள்ளைக் கல்லால் பதித்த சிலுவைகள், மொத்தம் 27. 1620-ல் வெள்ளை மலைப் போரில் ஹாப்ஸ்பர்க் வம்சப் பேரரசரிடம் தோற்ற பொஹீமிய (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) கிளர்ச்சித் தலைவர்களை 1621 ஜூன் 21 அன்று அந்த இடத்தில்தான் கொன்றார்கள். பிரபுக்கள், வீரர்கள், நகரத்தார் என எல்லாத் தரப்பினரும் அதில் உண்டு. அவர்களில் ஒருவர் யான் யெசேனியஸ். 1600-ல் பிராக்கில் முதன்முதலாகப் பொதுமக்கள் முன்னிலையில் உடற்கூறு ஆய்வு செய்து காட்டிய மருத்துவர், பல்கலைக்கழகத் தலைவர். அவருடைய நாக்கை அறுத்த பிறகுதான் தலையை வெட்டினார்களாம். பன்னிரண்டு பேரின் தலைகளைச் சார்லஸ் பாலத்துக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். பத்து வருடம் அப்படியே கிடந்தன. அதே கோபுரத்தடியில்தான் இன்று எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள். இதைக் கேட்ட பிறகு அந்தப் பாலத்தில் என்னால் சும்மா நடக்க முடியவில்லை.

அப்புறம், பழைய நகரத்தில் நிறைய உணவகங்கள் பாதாள அறைகளில் இருப்பதைப் பார்ப்பீர்கள். அவை ஒரு காலத்தில் தரைத்தளங்கள். வல்தாவா ஆற்று வெள்ளத்துக்குப் பயந்து 13-ஆம் நூற்றாண்டில் தெருக்களையே மண்கொட்டி உயர்த்தியதில் வீடுகளின் கீழ்த்தளம் மண்ணுக்கடியில் போய்விட்டது.

வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்கோடியில், தேசிய அருங்காட்சியகத்தின் முன் நடைபாதையில், வெண்கலச் சிலுவை ஒன்று தரையோடு தரையாக, லேசாகப் புடைத்து நிற்கிறது. சோவியத் படைகள் நாட்டுக்குள் புகுந்ததையும், மக்கள் அதற்குப் பழகிப்போவதையும் பொறுக்காமல் 1969 ஜனவரி 16 அன்று யான் பலாஃக் என்ற மாணவர் இங்கே தீக்குளித்தார். வயது 20. அடுத்த மாதமே யான் சாயிட்ஸ் என்ற 18 வயதுப் பையனும் அதே வழியில் போனான். தீக்குளிப்பு என்றால் என்னவென்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். 1965 மொழிப்போர் நினைவுக்கு வர, நான் அங்கே வெகுநேரம் நின்றேன்.

சரி, நடைமுறை விஷயம். 'இலவச நடைச்சுற்றுலா' என்று வருபவை உண்மையில் டிப்ஸை நம்பி நடப்பவை. வழிகாட்டியின் வருமானமே அதுதான், தாராளமாகக் கொடுங்கள். அங்கே யூரோ அல்ல, கொருனாதான் நாணயம். சிறிய குழுவாகப் பார்த்துச் சேருங்கள். பெரிய கூட்டத்தில் பின்வரிசைக்குப் பாதி காதில் விழாது. எங்கும் கல் பதித்த தெருக்கள் என்பதால் நல்ல ஷூ அவசியம்.

யூதப் பகுதியை இந்தச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து காட்டிவிட்டு நகர்ந்துவிடும். நாஜிகள் கொன்ற கிட்டத்தட்ட 78,000 செக் யூதர்களின் பெயர்களைச் சுவர் முழுக்க எழுதியிருக்கும் பிங்காஸ் தொழுகைக்கூடமும், இடமில்லாமல் கல்லறை மேல் கல்லறையாக அடுக்கிய பழைய இடுகாடும் அங்கேதான் உள்ளன. அவற்றுக்குத் தனியாக டிக்கெட் வாங்கி அரைநாள் ஒதுக்குங்கள். சனிக்கிழமை மூடியிருக்கும், அதைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்.