இருபது வருஷம் பிரசங்கித்தவர்கள் கேட்டவை

திருகோணமலைப் பக்கத்துப் போதகர்கள் அனுப்பிய கேள்விகளும், பிரசங்கக் கலை கற்பிக்கும் போதகர் ஒருவரின் பதில்களும்.

உவர்மலை, 22 வருட ஊழியம்: சனிக்கிழமை இரவு ஒரு மணித்தியாலம் கிடைத்தால் எனக்குப் பிரசங்கம் ஆயத்தம். இனிப் படிக்க என்ன இருக்கிறது?

அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் ஐயா சிக்கலே. கை பழகிவிட்டால் வேதபகுதி எதுவானாலும் பேச்சு பழைய தடத்திலேயே ஓடும். அடுத்த மூன்று ஞாயிறும் ஃபோனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். முழுவதையும் எழுதப் போகாதீர்கள், இரண்டாம் பக்கத்தில் அலுத்துவிடும். நடுவிலுள்ள பத்து நிமிடத்தை மட்டும், "வந்து", "என்னவென்றால்" எல்லாம் சேர்த்துப் பேசியபடியே எழுதுங்கள். தொடக்கமும் முடிவும் மனதுக்குள் ஒத்திகை பார்த்தவை. வழக்கம் வெளியே வருவது நடுவில்.

பிறகு மூன்று நிறப் பேனை. வேதபகுதியிலிருந்து வந்த வரிக்கு நீலம், உதாரணக் கதைக்குப் பச்சை, "செய்ய வேண்டும், இருக்க வேண்டும்" என்ற புத்திமதிக்குச் சிவப்பு. நீலம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால், வேதபகுதியை வாசித்துவிட்டு மூடி வைத்திருக்கிறீர்கள். இன்னொன்று: மூன்று பதிவிலும் கடைசி இரண்டு நிமிடத்தைக் கேளுங்கள். ஒன்றின் முடிவு மற்றதற்கும் பொருந்தினால் அது வசனம் தந்த முடிவல்ல.

நிலாவெளி: மாற்கு 4இல், படகில் போகும்போது வந்த புயலில் இயேசு காற்றை அதட்டியதைப் பதினைந்து தடவையாவது பேசிவிட்டேன். மீனவர் சபை, அவர்களுக்கும் மனப்பாடம். புதிதாக என்ன சொல்வது?

புதியதைத் தேடாமல், விட்டுப்போனதைத் தேடுங்கள். மாற்கு 4:35-41, மத்தேயு 8:23-27, லூக்கா 8:22-25 மூன்றையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாகக் கையால் எழுதுங்கள். கண்ணால் வாசித்தால் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடும்; கைதான் வித்தியாசத்தில் தடுக்கி நிற்கும். மாற்குவில் மட்டும் தலையணை இருக்கிறது. கூடவே வேறு படவுகள், அதாவது படகுகள், வருகின்றன. சீஷர்கள் மத்தேயுவில் காப்பாற்றச் சொல்கிறார்கள், லூக்காவில் மடிகிறோம் என்று கத்துகிறார்கள், மாற்குவிலோ "உமக்குக் கவலையில்லையா" என்று அவரிடமே குறை பிடிக்கிறார்கள். அந்தக் குறையிலேயே ஒரு முழுப் பிரசங்கம் இருக்கிறது.

உங்கள் சபைக்குப் படகைப் பற்றிச் சொல்லாமல் விடலாமா? 1986இல் கலிலேயாக் கரைச் சேற்றில் கிடைத்த பழைய படகு ஏறத்தாழ 8.2 மீற்றர் நீளம், 2.3 மீற்றர் அகலம்; இருபத்தேழு அடிக்கு ஏழரை அடி. கரையில் இழுத்து வைத்திருக்கும் படகோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள். இயேசு ஏறிய படகு அதுதான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தக் காலத்தை ஒட்டியது, அவ்வளவே. கடல் என்பதும் பெயருக்குத்தான்: மலைகளுக்கு நடுவே 21 கிலோமீற்றர் நீளமான நன்னீர் ஏரி, மலையிலிருந்து காற்று சட்டென்று இறங்கி வீசும்.

ஒரு எச்சரிக்கை. 2004 டிசம்பர் 26ஐ மறந்து இந்தக் கரையில் இப்பகுதியைப் பேச முடியாது. "இயேசு படகில் இருந்தால் புயல் அடங்கும்" என்று முடித்தால், பிள்ளையைக் கடலுக்குப் பறிகொடுத்த தாயின் காதில் "உன் படகில் அவர் இல்லை" என்றுதான் விழும். அந்த வேறு படவுகளுக்கு என்ன ஆனது என்று மாற்கு சொல்லவில்லை. நீங்களும் சொல்லாமல் விடுங்கள்.

லிங்கநகர்: பழைய வேதாகமத் தமிழ் வாலிபருக்கு விளங்கவில்லை. 1995இல் வந்த திருவிவிலியத்துக்கு மாறினால் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

வாசிப்பு பழையதிலேயே இருக்கட்டும், விளக்கம் பேச்சுத்தமிழில் வரட்டும். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் குழைக்காதீர்கள். எந்தச் சொல் தடுக்கும் என்பதை முன்கூட்டியே பாருங்கள். அதே மாற்கு 4இல் "பின்னணியம்" வருகிறது, படகின் பின்பக்கம். பிள்ளைகள் பாட்டுக்குப் பின்னணி இசை என்று நினைப்பார்கள். "நித்திரை"யைத் தொட வேண்டாம், அது இங்கே வீட்டுச் சொல். தமிழ்நாட்டு விளக்கவுரையில் அதற்குப் பொருள் போட்டிருந்தால் அதை நீங்களும் ஒப்புவிக்கத் தேவையில்லை.

மூதூர்: நாங்கள் சில போதகர்கள் மாதம் ஒருமுறை கூடுகிறோம். இரண்டாவது கூட்டத்திலேயே சபைக் கமிட்டியைப் பற்றிய குறைகேள் கூட்டமாகிவிட்டது.

அப்படித்தான் ஆகும், மேசையில் பிரசங்கம் இல்லாவிட்டால். நாலு பேர் முதல் ஆறு பேர் வரை போதும். மெதடிஸ்தரும் பெந்தெகொஸ்தேயினரும் கலந்திருந்தால் இன்னும் நல்லது, ஒருவர் பழக்கம் மற்றவர் கண்ணில் படும். வெள்ளி உபவாச ஜெபத்தில் போய்விடும், செவ்வாய் பாருங்கள். தொண்ணூறு நிமிடம், ஒரே ஒரு பதிவு. கேட்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் தமக்குக் கேட்டதை ஒரே வாக்கியத்தில் எழுதி வாசிக்க வேண்டும். பிரசங்கித்தவர் கால் மணித்தியாலம் வாய் திறக்கக் கூடாது. "நான் சொல்ல வந்தது என்னவென்றால்" என்று அவர் தொடங்கினால் பயிற்சி போச்சு. ஐந்து பேர் ஐந்து வேறு வாக்கியம் எழுதியிருந்தால் அவருக்கு வேறு விமர்சனமே வேண்டியதில்லை. "நல்லாயிருந்தது ஐயா" என்பதைத் தடை செய்யுங்கள்.

சீனக்குடா: என் பிரசங்கம் 50 நிமிடம். குறைக்கச் சொல்கிறார்கள்.

பதிவில் எத்தனை தடவை "கடைசியாக" என்கிறீர்கள் என்று எண்ணுங்கள். முதலாவதோடு நிறுத்துங்கள்.

தம்பலகாமம்: சான்றிதழ்ப் பயிற்சி ஒன்றில் சேரலாமா?

சேரலாம். 1963இல் தொடங்கிய பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியானாலும் வேறிடமானாலும் கட்டணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். பயிற்சிக் காலத்தில் நான் எத்தனை தடவை பிரசங்கிப்பேன்? அதை யார் கேட்பார்? குறிப்பு எழுத்தில் கிடைக்குமா? விரிவுரை மட்டும்தான் என்றால் அது வேறு படிப்பு.

மீண்டும் உவர்மலை: நிறம் போட்டேன் ஐயா. பக்கம் முழுக்கச் சிவப்பு. இப்போது?

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றப் போனால் மேடையில் நாக்கு தடுமாறும். ஒரு பிரசங்கத்துக்கு ஐந்து சிவப்பு வரிகளை எடுத்து, அதே பகுதியிலிருந்து வரும் நீல வரியால் மாற்றுங்கள். "நாம் பயப்படக் கூடாது" என்பதை அடித்துவிட்டு, "பயந்தவர்களில் நாலு பேர் அந்த ஏரியிலேயே வலை போட்ட மீனவர்கள்" என்று எழுதுங்கள். முதல் மாதம் ஐந்து போதும். மிச்சம் சிவப்பாகவே கிடக்கட்டும்.