பாதி முகம் இருளில் இருப்பது பிழை அல்ல

பிரிட்டிஷ் பாப் இசைக்குழுவான பீட்டில்ஸின் ‘வித் த பீட்டில்ஸ்’ இசைத்தட்டு உறையில் வந்த 1963ஆம் ஆண்டுக் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொருவர் முகத்திலும் பாதி தெரியவில்லை, கட்டுரையில் அதைக் குறையாக எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள்! அந்த இருள்தான் படத்தின் உயிர்.

புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃப்ரீமன் அதை இங்கிலாந்தின் போர்ன்மத் நகர விடுதியொன்றின் உணவுக்கூடத்தில் எடுத்தார். ஒளி ஒரு பக்கத்துச் சன்னலிலிருந்து மட்டுமே வருகிறது. பின்னால் அடர்நிறத் திரை, உடலில் கழுத்தை மூடும் கறுப்புச் சட்டை. ஆகவே தோளும் பின்னணியும் ஒன்றாகிவிட, முகங்கள் மட்டும் மிதக்கின்றன. யாரும் சிரிக்கவில்லை என்பதையும் அவசியம் எழுதுங்கள். அன்றைய பாப் இசைத்தட்டு உறைகளில் சிரிப்பே வழக்கம்.

குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ கீழே தனியாக இருப்பதற்குப் பெரிய உட்பொருள் தேட வேண்டாம். சதுர உறைக்குள் நான்கு முகங்களும் அடங்க வேண்டியிருந்தது.