பீத்தோவனுக்கு ட்ரம்ஸ் எதற்கு?

கேள்வி: எக்செப்ஷன் என்ற டச்சு ராக் குழு, பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை ட்ரம்ஸும் டிரம்பெட்டுமாக அடித்து நொறுக்கியிருக்கிறது. சொந்தமாக மெட்டுப் போட வக்கில்லாதவர்கள் மேதைகள் மேல் கைவைப்பது நியாயமா?
வாசகர், கோவை

பதில்: மேதைகள் மட்டும் அடுத்தவர் மெட்டைத் தொடாமல் இருந்தார்களா? விவால்டி நான்கு வயலின்களுக்கு எழுதியதை பாக், பியானோவுக்கு மூத்த கருவியான ஹார்ப்சிகார்டு நான்குக்கு மாற்றி எழுதினார். உங்கள் பீத்தோவனே டயபெல்லி என்ற இசைப் பதிப்பாளரின் சுமாரான வால்ட்ஸ் நடன மெட்டு ஒன்றை எடுத்து அதன் மேல் 33 வேரியேஷன்கள், அதாவது மாற்று வடிவங்கள், எழுதியவர். அது இன்றைக்கும் பெரிய படைப்பாகத்தான் மதிக்கப்படுகிறது.

எக்செப்ஷன் ஹார்லெம் நகரத்துக் குழு. தொடங்கியவர் டிரம்பெட் வாசித்த ரைன் வான் டென் புரூக். கீபோர்டில் ரிக் வான் டெர் லிண்டன், முறையாக கிளாசிக்கல் பயின்றவர். 1968-இல் லோஸ்டிரெக்டில் நடந்த போட்டியில் ஜெயித்தார்கள். அது ஜாஸ் போட்டி என்பதைக் கவனியுங்கள். மறு வருடம் வந்த முதல் ஆல்பத்தில் பாக், கச்சட்டூரியன், கெர்ஷ்வின் என்று இசையமைப்பாளர்கள் எல்லோரும் வரிசையாக வருகிறார்கள்; நடுவில் பாபி டிம்மன்ஸின் ஜாஸ் மெட்டு, ஜெத்ரோ டல் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாட்டு வேறு. கல்யாணப் பந்தி மாதிரி எல்லாம் ஒரே இலையில். எனக்கே கொஞ்சம் திகட்டும்.

ஆனால் ஐந்தாம் சிம்பொனிக்கு ட்ரம்ஸ் ஆகாது என்பதை ஏற்க மாட்டேன். அதன் தொடக்கத்தில் மெட்டு என்று என்ன இருக்கிறது? மூன்று குறில், ஒரு நெடில். வெறும் தாளம்! முதல் பகுதி முழுவதையும் பீத்தோவன் பெரும்பாலும் அந்தத் தாளத்தைக் கொண்டே கட்டியிருக்கிறார். ராக் ட்ரம்மருக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்காது.

குறை சொல்லியே ஆகவேண்டும் என்றால் சரியான குறையைச் சொல்லுங்கள். அவர்கள் பீத்தோவனை நொறுக்கவில்லை. போதுமான அளவு நொறுக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த இடங்களை மட்டும் பொறுக்கிச் சில நிமிடங்களில் முடித்துவிட்டார்கள். அந்த நான்கு ஸ்வரங்களை பீத்தோவன் திருகி, உடைத்து, வேறு வேறு சுருதிக்கு இழுத்துப் போகும் நடுப்பகுதிதான் அசல் வேலை. ஜாஸ்காரன் புகுந்து விளையாட வேண்டிய இடமும் அதுதான். அங்கே போய் மோதவில்லை. அப்புறம், அதே சூத்திரம் ஆல்பத்துக்கு ஆல்பம் தொடர்ந்தது. வான் டெர் லிண்டன் 1973-இல் விலகி, ட்ரேஸ் என்று தனிக் குழு கண்டார். அங்கேயும் பாக்கின் இத்தாலியன் கான்செர்ட்டோவை விடவில்லை.

சொந்தச் சரக்குத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் இன்னொரு டச்சுக் குழு இருக்கிறது, ஃபோக்கஸ். ஆர்ஃபியஸ் என்ற கிரேக்கப் புராணக் கதையை வைத்து 1971-இல் அவர்கள் செய்த ‘இரப்ஷன்’ ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். கேளுங்கள். அதிலும் ‘டாமி’ என்ற அழகான பகுதி, சொல்யூஷன் என்ற வேறொரு டச்சுக் குழுவின் டாம் பார்லாக் எழுதியது. அதற்கும் ஒரு கண்டனக் கடிதம் போடுவீர்களா?