அல்லியங்கோதை என்று பெயர் வைக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகள் பிறந்து நாற்பது நாள் ஆகிறது. திருவாரூர் கோயில் அம்பாள் பெயரான ‘அல்லியங்கோதை’யை வைக்கச் சொல்கிறார் மாமியார். கணவருக்கும் பிடித்திருக்கிறது. எனக்குத்தான் தயக்கம். பள்ளியில் கேலி செய்வார்களோ, சான்றிதழ்களில் எழுத்து மாறிப்போகுமோ என்று பயமாக இருக்கிறது. இதன் பொருள் என்ன? வழக்கத்தில் உள்ள பெயர்தானா? பிரசவம் தஞ்சாவூரில் என் அம்மா வீட்டில் இருந்தபோது நடந்தது. பிறப்பைப் பதிந்துவிட்டோம், பெயர் இன்னும் சேர்க்கவில்லை.
– வாசகி, திருவாரூர்

பதில்: தாராளமாக வையுங்கள். உங்கள் ஊரிலேயே இருக்கும் பெயரை வேறு எங்கும் போய்த் தேட வேண்டாம்.

அல்லி + அம் + கோதை. அல்லியின் இறுதி இகரத்துக்கும் ‘அம்’முக்கும் நடுவே ய் உடம்படுமெய்யாக, அதாவது இரண்டு உயிரெழுத்துகளை இணைக்கும் மெய்யாக, வருகிறது. ‘அம்’ சாரியை, அதாவது இரு சொற்களைச் சேர்க்க நடுவில் வரும் துணைச்சொல். அதன் மகரம் ககரத்துக்கு முன் ‘ங்’ ஆகிறது. புளி + அம் + காய் புளியங்காய் ஆவதும் இப்படித்தான். ‘அம்’ என்பதை அழகு என்று கொள்வோரும் உண்டு. கோதை என்றால் பூமாலை, மாலை சூடிய பெண், கூந்தல் மூன்றும் பொருந்தும். ஆகவே அல்லிமாலை அணிந்தவள் என்பது நேர்ப்பொருள். ‘அல்லி’க்கு அகவிதழ் என்றும் ஒரு பொருள் உண்டு. பள்ளித் தாவரவியலில் புல்லி வட்டம், அல்லி வட்டம் என்று படிக்கிறோமே, அந்த அல்லி. அப்படி எடுத்துக்கொண்டால் இதழ்களால் தொடுத்த மாலை என்று விரியும். இரண்டுமே நல்ல பொருள்கள்தான். உங்கள் மகள் வளர்ந்து கேட்கும்போது இரண்டையும் சொல்லுங்கள்.

திருவாரூரில் மூலவரான புற்றிடங்கொண்டாருக்கு உரிய அம்பாளின் வடமொழிப் பெயர் நீலோத்பலாம்பாள், தமிழ்ப்பெயர் அல்லியங்கோதை. அல்லியம்பூங்கோதை என்றும் வழங்குகிறது. தோழி சுமந்து நிற்கும் குழந்தை முருகனின் தலையைத் தொட்டபடி நிற்கும் அம்பாள் இவர். யோக நிலையில் தனிச் சந்நிதியில் அமர்ந்திருக்கும் கமலாம்பாள் வேறு. ஒரே கோயிலில் ஒருவருக்குத் தாமரைப் பெயர், ஒருவருக்கு அல்லிப் பெயர். தாமரை பகலில் மலரும், அல்லி இரவில் மலரும் என்று நினைத்துப் பார்த்தால் அந்தச் சேர்க்கையின் அழகு தெரியும். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் இருவர் மீதும் தனித்தனியே கீர்த்தனை வரிசைகள் இயற்றியிருக்கிறார். நீலோத்பலாம்பாள் வரிசை நாராயணகௌளை, ரீதிகௌளை என்று ‘கௌளை’யில் முடியும் ராகங்களில் அமைந்தது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நீலோற்பலம் என்பது கருங்குவளை. அல்லி என்பது ஆம்பல். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு பூக்களை அடுக்கும்போது ஆம்பலையும் குவளையையும் தனித்தனியாகவே சொல்கிறது. எனவே தமிழ்ப்பெயரை வடமொழிப் பெயரின் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பாக எண்ண வேண்டாம், அது தனக்கென ஒரு பூவைச் சூடிக்கொண்டிருக்கிறது. யாராவது ‘நீலமே இல்லையே’ என்று கேட்டால் இதுதான் விடை.

‘கோதை’ என்றதும் ஆண்டாள் நினைவு வரும். ஆனால் அது பெண்களுக்கு மட்டும் உரிய சொல்லாக இருந்ததில்லை. சேர மன்னர் ஒருவரின் பெயரே கோக்கோதை மார்பன்.

வழக்கத்தில் இருக்கிறதா என்றால், மிக அரிது. கமலா, கமலாம்பாள் என்று டெல்டாவில் பாட்டிமார் தலைமுறையில் நிறைய கேட்கலாம். அல்லியங்கோதை அப்படிப் பரவவில்லை. 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் பின்வந்த திராவிட இயக்கமும் மலர்க்கொடி, பூங்கோதை போன்ற பெயர்களை வீடுதோறும் கொண்டுபோயின. கோயிலை ஒட்டி நின்ற இந்தப் பெயர் அந்த அலையிலும் அவ்வளவாகச் சேரவில்லை. பூங்குழலி, வானதி, குந்தவை ஆகியவற்றுக்குக் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ கைகொடுத்தது. இதற்கு அப்படியொரு கதைத் துணையும் வாய்க்கவில்லை. உங்கள் பகுதியில் யாருக்காவது இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி வாக்காளர் பட்டியல். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பாகம் பாகமாகத் தமிழிலேயே கிடைக்கும். பெயருக்குப் பக்கத்தில் வயதும் இருப்பதால் எந்தத் தலைமுறைப் பெயர் என்பதும் தெரிந்துவிடும்.

கேலி வருமென்றால் அது ‘அல்லி ராஜ்யம்’, ‘அல்லி தர்பார்’ என்றுதான் வரும். அல்லி அரசாணி மாலை என்ற கதைப்பாடலில் மதுரையை ஆண்ட அல்லியை வைத்துப் பிறந்த சொல் அது. ஆட்சி செய்த பெண்ணின் பெயரால் கூப்பிடுவது இழிவில்லை என்று குழந்தைக்கு ஆறு வயதிலேயே சொல்லிவைத்தால் போதும். வீட்டில் சுருக்கிக் கூப்பிட ‘கோதை’ நல்லது. முழுப்பெயரையும் தினம் ஒரு முறையாவது சொல்லிக் கூப்பிடுங்கள். சுருக்கம் மட்டுமே புழங்கினால் குழந்தைக்கே தன் பெயரை எழுதத் தடுமாற்றம் வரும்.

இனி எழுத்து. தமிழில் ஏழே எழுத்துகள்: அ, ல், லி, ய, ங், கோ, தை. மூன்று இடங்களில் பிழை நேரும். முதலாவது ல–ள. ஆங்கிலத்தில் தட்டி மென்பொருள் தமிழாக்கும்போது ‘அள்ளியங்கோதை’ என்று விழுந்துவிடும். இரண்டாவது, ‘ங்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ன்’ வந்து ‘அல்லியன்கோதை’ ஆகிவிடும், பொருளே கெடும். மூன்றாவதுதான் பெரிய தொல்லை: ‘அல்லியங் கோதை’ என்று இடம்விட்டு எழுதுவது. பிறகு பாஸ்போர்ட்டில் ஒரு பாதி பெயராகவும் மறுபாதி குடும்பப்பெயராகவும் பிரிந்துபோகும். எப்போதும் ஒரே சொல்லாகவே எழுதுங்கள். ஆங்கிலத்தில் ஏ, எல், எல், ஐ, ஒய், ஏ, என், ஜி, ஓ, டி, ஹெச், ஏ, ஐ என்று பதின்மூன்று எழுத்து போதும். ‘ஜி’க்குப் பின் ‘கே’யும் சேர்த்தால் நீளுமே தவிர உச்சரிப்பு மேம்படாது. எண்கணிதத்துக்காக இன்னொரு ‘ஏ’, இன்னொரு ‘ஹெச்’ சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக நிற்பது அப்படிப்பட்ட பெயர்கள்தான்.

பிறந்த இடத்தில்தான் பிறப்புப் பதிவு இருக்கும். தாய்வீட்டுப் பிரசவம் வழக்கமான நம் பக்கத்தில் இதில்தான் பலர் அலைகிறார்கள். ஆகவே திருவாரூர் நகராட்சிக்குப் போகாமல், தஞ்சாவூரில் பதிந்த அலுவலகத்திலேயே பெயர் சேர்க்க விண்ணப்பியுங்கள். பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லை. அதற்குப் பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் தள்ளிப்போட வேண்டாம். 1.10.2023 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை. பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், வாயால் மட்டும் சொல்லாதீர்கள். கணினியில் ஏற்றியதும் அச்சிடும் முன் திரையில் காட்டச் சொல்லி ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்தலாம். சேர்த்த பெயரை மனம் மாறி வேறு பெயராக மாற்றுவது கடினம், அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும்.

நட்சத்திர எழுத்து பார்ப்பவர்களானால், ‘அ’ கார்த்திகை முதல் பாதத்துக்கு உரியது. வேறு நட்சத்திரமானால் அதற்குரிய எழுத்தில் ஒரு பெயரைப் பெயர்சூட்டும் அன்று காதில் சொல்லிவிட்டு, சான்றிதழில் இதை வைக்கலாம்.

கேள்வி: வேதாரண்யம் அம்மன் பெயரைச் சுருக்கிப் பேத்திக்கு ‘யாழை’ என்று வைக்கலாமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: வேண்டாம் ஐயா. அம்மன் பெயர் யாழைப்பழித்த மொழியம்மை. யாழின் இசையும் தோற்கும் இனிய பேச்சுடையவள் என்று பொருள். வடமொழியில் வீணாவாதவிதூஷணி. சுந்தரரும் ‘யாழைப் பழித்தன்ன மொழி மங்கை’ என்றே பாடுகிறார். இதில் ‘யாழை’ என்பது யாழ் + ஐ. தனியே நின்றால் இரண்டாம் வேற்றுமை உருபோடு தொங்கும், பெயராகாது. ‘யாழ்மொழி’ என்று வையுங்கள். அம்மன் பெயரின் இரு முனைகளும் அதில் இருக்கின்றன. அங்கே சரஸ்வதி வீணையில்லாமல் சுவடியோடு இருப்பதைப் பேத்திக்குக் காட்டினால் பெயரின் கதையும் மனதில் நிற்கும். யாழினியும் நல்ல பெயர்தான். ஆனால் இப்போது ஒரே வகுப்பில் இரண்டு யாழினிகள் இருப்பது சாதாரணமாகிவிட்டது.

கேள்வி: மயிலாடுதுறை அபயாம்பாளின் தமிழ்ப்பெயர் அஞ்சல் நாயகி. ‘அஞ்சலி’ என்று வைத்தால் அம்பாள் பெயர் ஆகுமா?
– வாசகி, குத்தாலம்

பதில்: ஆகாது. அஞ்சல் என்பது இங்கே ‘அஞ்சாதே’. அபயம் என்பதும் அதுவே. அஞ்சலி என்பது கைகூப்பி வணங்குவது, வேறு சொல். அம்பாள் பெயரே வேண்டுமென்றால் ‘அபயா’ அல்லது ‘அபயாம்பிகை’ வையுங்கள்.